மடக்குக்கு ஒரு கோல்

செவன் ஹில்ஸ், சிட்னி
09.03.2025

மிருவின் அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் சொல்லமாட்டீர்கள் என்பது தெரிந்த கதைதானே.

கடிதம் எழுதுவது மிருணாளினியின் யோசனை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன ஞாயிறு நாங்கள் ஃபோனில் கத்தியதைக் கேட்டுவிட்டு, "யூ கைஸ் ஆர் ஸோ லவுட். ஜஸ்ட் ரைட் லெட்டர்ஸ் ஓர் சம்திங்" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். பதினாலு வயதுப் பிள்ளை சொல்லித்தான் எங்களுக்குப் புத்தி வரவேண்டியிருக்கிறது. எழுதும்போது கத்தமுடியாது. இடையில் குறுக்கே விழுந்து பேசவும் முடியாது. உங்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான்.

டிசம்பரில் உங்கள் உதைபந்து இறுதியாட்டத்தில் மைதானத்து ஓரத்தில் நின்று "வெளியில வாங்கோ, முழங்கால் போகப்போகுது" என்று கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. பதினாறு வருடமாக பிசியோ வேலை செய்கிறேன். நீங்கள் நொண்டியதை அங்கே வடை விற்றுக்கொண்டிருந்த சிவனேஸ்வரி அன்ரியே கண்டுபிடித்துவிட்டார். உங்களை மாற்றியது ரீம் மனேஜர். தோற்றது ரீம். அதற்காக ஒரு மனிதர் என்னுடன் ஒரு மாதம் பேசாமல் இருந்து, பிறகு ரயில் சிக்னல் வேலை என்று ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு மெல்பேர்ணுக்குப் போவாரா? நீங்கள் போனீர்கள்.

சரி, விடுங்கள். எழுத வேறு என்ன இருக்கிறது? கிளினிக்கில் ஒரு புதுக் கரைச்சல் வந்து சேர்ந்திருக்கிறது. இத்தாலிக்காரர், ஐம்பத்தொரு வயது, போன மாதம் வலது முழங்காலை மாற்றி வைத்திருக்கிறார்கள். முன்பு பந்தடித்தவராம். மடக்கச் சொன்னால் தாயைக் கூப்பிடுகிறார். கட்டிலில் ஏறமுதல் ஒரு சொக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டு மற்றதைக் கணுக்காலுக்குச் சுருட்டிவிடுவார். "இரண்டையும் ஒரே மாதிரி விடுங்கோ" என்றால், அப்படிச் செய்தால் கால் வேலை செய்யாதாம். உங்களைவிட விசர் பிடித்த ஆட்களும் இருக்கிறார்கள் என்று ஆறுதலாக இருந்தது.

உங்கள் முழங்கால் எப்படி?

கமலினி

* * *

சன்ஷைன், மெல்பேர்ண்
16.03.2025

அன்பின் கமலினிக்கு,

உம்முடைய கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. டிசம்பரைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. முழங்கால் நன்றாக இருக்கிறது. குளிர் தொடங்கிவிட்டது. வேலை பரவாயில்லை. சமையல் பரவாயில்லை. இவ்வளவுதான் என் செய்தி.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு சொக்ஸ் மேலே, ஒரு சொக்ஸ் கீழே! ஐயோ கமலினி, அதை ஒரு கரைச்சல் என்று எழுதியிருக்கிறீரே! உலகத்திலேயே ஒரேயொரு மனிதன்தான் அப்படிச் சொக்ஸ் போட்டு விளையாடியவன். எத்தோரே பலாந்தி. பதினேழாம் இலக்கம். வால்தோரா கழகத்துக்குப் பதினொரு வருடம், பிறகு வடக்கே ஒரு பெரிய கழகம், கடைசியில் வயது போன காலத்தில் இரண்டு வருடம் எங்கள் சிட்னி. மொத்தம் நூற்றி எண்பத்தேழு கோல். அவர் பெயரை நீர் எழுதவில்லை, நோயாளி பெயர் சொல்லக்கூடாது என்ற உமது சட்டம் எனக்குத் தெரியும். நீர் சொல்லவேண்டாம். நான் சொல்கிறேன், நீர் தலையாட்டினால் போதும். இங்கிருந்தே எனக்குத் தெரியும்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் விசாவுக்காகக் காத்திருந்த காலம் உமக்குத் தெரியும். ஞாயிறு பின்னேரங்களில் காலி வீதியில் ஒரு ரீவிக் கடைக்கு வெளியே நின்று இத்தாலி ஆட்டம் பார்ப்பேன். சத்தம் வராது, கண்ணாடிக்கு உள்ளே படம் மட்டும்தான். 2001 மே மாதம் கடைசி ஆட்டம். ஒரு கோல் அடித்தால் வால்தோரா தப்பும், இல்லாவிட்டால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். எண்பத்தொன்பதாவது நிமிடம் பலாந்தி அடித்தார். லைன்ஸ்மன் கொடியைத் தூக்கினான். ஓஃப்சைட்! நான் நடுறோட்டில் நின்று அழுதேன். அந்த லைன்ஸ்மனை இன்றுவரைக்கும் திட்டுகிறேன். அவனுடைய அம்மாவையும்.

அவர் சிட்னிக்கு வந்தபோது மிரு கைக்குழந்தை. ஒரேயொரு ஆட்டத்துக்குத்தான் போனேன். அவர் கடைசி நாலு நிமிடம் மட்டும் இறங்கினார். நாலு நிமிடம், கமலினி! நீர் கிழமைக்கு இரண்டு நாள், முக்கால் மணித்தியாலம், அவருடைய வலது முழங்காலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறீர். பந்துக்கும் தேசிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத உமக்கு அந்த வரம். எனக்கு வயிறு எரிகிறது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

உம்முடைய
பகீரதன்

* * *

செவன் ஹில்ஸ்
30.03.2025

மிருவின் அப்பாவுக்கு,

மூன்று பக்கக் கடிதம். அதில் முழங்காலுக்கு ஒரு வரி, சமையலுக்கு ஒரு வரி, மிருவுக்கு ஒரு வரியும் இல்லை. அவள் பிறந்த வருடம் மட்டும் வந்திருக்கிறது, அதுவும் நீங்கள் ஆட்டம் பார்க்கமுடியாமல் போனதற்குக் காரணமாக.

உங்கள் கடிதத்தை வாசித்தபிறகு அவரிடமே கேட்டேன். "என்ர மனுசன் உங்கட சொக்ஸை வைச்சே உங்களைக் கண்டுபிடிச்சிட்டார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். மனிதர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டார். "யுவர் ஹஸ்பண்ட்? ஃப்ரொம் ஸ்ரீலங்கா?" என்று நாலு தடவை கேட்டார். உங்களிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமாம், அனுமதி தந்திருக்கிறார். ஆகவே இனி எழுதலாம். ஓம், அவர்தான்.

இன்னொன்று. நோவில் அவர் மடக்க மறுத்தபடியால் வியாழக்கிழமை ஒரு வழி செய்தேன். ஒரு மடக்குக்கு ஒரு கோல். மடக்கத் தொடங்கும்போது கதையைத் தொடங்கவேண்டும், பந்து வலைக்குள் போகும்போது கால் முழுக்க மடங்கியிருக்கவேண்டும். பதினைந்து மடக்கு, பதினைந்து கோல். கதை சொல்லும்போது நோவை மறந்துவிடுகிறார். எழுபத்தெட்டுப் பாகையில் நின்ற கால் எண்பத்து நாலுக்கு வந்துவிட்டது.

முதல் கோல் பதினெட்டு வயதில், மழையில், கோல் கீப்பர் வழுக்கி விழுந்ததால் விழுந்த கோலாம். அப்பா துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்குகிறவர். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகாமல் ஆட்டம் பார்க்க வந்தாராம். "பலாந்தியின்ர கோல் இல்லை, வழுக்கலின்ர கோல்" என்று ஊரே சிரித்ததாம். அப்பா மட்டும் சிரிக்கவில்லையாம். எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது.

பந்துக்கும் தேசிக்காய்க்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். தேசிக்காய் வீட்டில் இருக்கும்.

கமலினி

* * *

சன்ஷைன்
06.04.2025

அன்பின் கமலினிக்கு,

தேசிக்காய் விஷயம் விளங்கியது. மிருவுக்கு என் அன்பைச் சொல்லும். அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இப்போது கவனமாக வாசியும். நீர் மிருவிடம் சொல்லி, மிரு எனக்கு மெசேஜில் அனுப்பிய பதினைந்து கோலையும் பார்த்தேன். அதில் இரண்டு பிழை. ஒன்பதாவது கோல் இடதுகால் இல்லை, வலதுகால். பதினான்காவது, பனியில் அடித்த கோல், அது அந்தரத்தில் காலால் அடித்தது என்கிறாராம். இல்லவே இல்லை. தலையால் இடித்தது. நான் ஒளிப்பதிவில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அவரிடம் கேளும்.

இன்னொரு விஷயமும் எழுதவேண்டும், எழுதாவிட்டால் நித்திரை வராது. நான் எங்கள் தமிழ்க் கழகங்களின் போட்டிகளில் பதினேழு வருடம் விளையாடினேன். ஐம்பத்திரண்டு கோல் அடித்தேன். வீட்டுக்கு வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது "இண்டைக்கு ஒண்டு அடிச்சனான்" என்பேன். நீர் குசினிக்குள் இருந்து "சேறு, சேறு! வெளியில கழட்டுங்கோ" என்பீர். ஒரு கோல், ஒரேயொரு கோல், எப்படி அடித்தேன் என்று கேட்டீரா? இப்போது யாரோ ஒருவருடைய வழுக்கல் கோலை எனக்கு நீர் உருகி உருகி எழுதுகிறீர். அவருடைய அப்பா சிரிக்கவில்லையாம்!

எனக்கு உம்மீது பொறாமை, அவர் உம் கையில் இருக்கிறார். அவர்மீது பொறாமை, நீர் அவர் கதை கேட்கிறீர். இரண்டு பக்கமும் கொள்ளிக்கட்டை, நடுவில் நான் எறும்பு. சிரிப்பீர், சிரியும்.

பகீரதன்

* * *

செவன் ஹில்ஸ்
27.04.2025

மிருவின் அப்பாவுக்கு,

சித்திரை வருடப் பிறப்புக்கு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். வழமையாக நீங்கள் கார் ஓடுகிற வழி, நான் ஓடியபடியால் பிழையான எக்ஸிட் எடுத்துவிட்டேன். மிரு பின்னால் இருந்து, "அப்பா வுட் ஹாவ் யெல்ட் அட் யூ" என்றாள். இருவரும் சிரித்தோம்.

உங்கள் திருத்தங்களை அவரிடம் கொண்டுபோனேன். வலதுகால் என்றதும் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். பனிக்கோலைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். தலையால்தான் இடித்தாராம். முதல் மனைவிக்குக் காலால் அடித்த கோல்தான் வடிவு என்று எண்ணமாம், அவருக்காக மாற்றிச் சொல்லத் தொடங்கி, பிறகு அவருக்கே அதுதான் உண்மையாகிவிட்டதாம். "ஹூ இஸ் திஸ் மேன்?" என்று இப்போது ஒவ்வொரு நாளும் கேட்கிறார். போன வியாழனோடு நூற்றி முப்பத்தைந்து கோல் முடிந்தது. கால் நூற்றி எட்டுப் பாகை.

நீங்கள் எழுதியது சரி. நான் கேட்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கும் பொறாமைதான். உங்களுக்கு மனிதர்மீது, எனக்கு ஒரு பந்துமீது. சனிக்கிழமை அது எடுத்துக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமை அது எடுத்துக்கொண்டது, மிச்சமிருந்த நாளில் அதன் ஒளிப்பதிவு ஓடியது. அதைப் பற்றி நான் வேறு கேட்கவேண்டுமா?

ஒரு சின்னச் சோதனை வைக்கிறேன். பலாந்தி எந்த அளவு பூட்ஸ் போட்டார் என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? மிருவின் அளவு என்ன? பதில் எழுதுங்கள். அவள் இந்த மாதம் பள்ளிக்கூடத்தில் பந்தடிக்கச் சேர்ந்திருக்கிறாள், அதுவும் உங்களுக்குத் தெரியாது.

ஜூன் எட்டாம் தேதி நீண்ட வார இறுதியில் கழகங்களின் போட்டி இருக்கிறது. விளையாட இல்லை, சும்மா பார்க்க வாருங்கள். கட்டாயம் வரவேண்டும். ஏன் என்று கேட்கவேண்டாம்.

கமலினி

* * *

சன்ஷைன்
10.05.2025

கமலினிக்கு,

ஏன் என்று கேட்கவேண்டாம் என்று எழுதினீர். இப்போது கேட்கிறேன்.

நேற்று ஜெகதீஷ் ஃபோன் எடுத்தான். எங்கள் ரீமின் கோல் கீப்பர், பதினைந்து வருடச் சிநேகிதன், பொய் சொல்லத் தெரியாதவன். "மச்சான், பிழையா நினைக்காத. பிளாக்டவுனில ஒரு கோப்பிக் கடையில கமலினியைக் கண்டனான். ஒரு வெள்ளைக்காரனோட. ரெண்டு பேரும் நல்லாச் சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சவை. அந்தாளுக்குக் கையில ஒரு பொல்லு" என்றான். பொல்லோடு யார் நடக்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

கிளினிக்கில் முக்கால் மணித்தியாலம் போதாதா? நூற்றி எண்பத்தேழு கோலும் போதாமல் கோப்பிக் கடை வேறு வேண்டுமா? பதினேழு வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரு கோப்பிக் கடையில் இருந்து சிரித்த நாள் ஒன்று சொல்லும் பார்ப்போம். நான் நினைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. வராததுதான் இன்னும் எரிந்தது.

அவர் யார்? உலகம் முழுக்கப் பார்த்த மனிதர். நான் யார்? தண்டவாளத்து ஓரத்தில் ஒரு பெட்டியைத் திறந்து வயர் பார்க்கிறவன். வயது, முழங்கால், ரீம் எல்லாம் போய்விட்டது. எனக்கென்று ஒரேயொரு சாமி இருந்தது, அதையும் நீர் எடுத்துக்கொண்டீர். சாமி உம்மை எடுத்துக்கொண்டது. அப்படித்தான் எனக்குத் தெரிகிறது.

நேற்றே உம்முடைய கிளினிக் மனேஜருக்கு ஃபோன் எடுத்தேன். அந்த நோயாளியை என் மனைவி பார்ப்பது எனக்கு விருப்பமில்லை, இருவரும் வெளியில் சந்திக்கிறார்கள், வேறு ஆளுக்கு மாற்றுங்கள் என்று சொன்னேன். மறைக்கவில்லை.

மிருவின் அளவு ஐந்து.

பகீரதன்

* * *

செவன் ஹில்ஸ்
16.05.2025

பகீரதன்,

உங்கள் கடிதம் வரமுதலே உங்கள் ஃபோன் வந்து சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் மனேஜர் இராஜேஸ்வரி என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர், நான் பழக்கிவிட்டவர். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நோயாளியோடு வெளியே கோப்பி குடித்தது என் பிழைதான், சட்டம் சட்டம்தான். பதினாறு வருடத்தில் முதல் எச்சரிக்கைக் கடிதம். பலாந்தியை வேறு பிசியோவுக்கு மாற்றிவிட்டார்கள். வெளியில் எந்தத் தொடர்பும் வைக்கக்கூடாது என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள்.

இனி அந்தக் கோப்பியின் கதை.

ஜூன் எட்டாம் தேதி அவர் மைதானத்துக்கு வருவதாக இருந்தது. வால்தோராவின் பதினேழாம் இலக்கச் சேர்ட் ஒன்று, கடைசி ஆட்டத்தில் போட்டது, அவரிடம் மிஞ்சியிருந்தது. அதைக் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும், தன்னுடைய கோலைத் தன்னைவிடச் சரியாக வைத்திருக்கிற மனிதருக்குத் தன் கையால் தருவதாக இருந்தது. எந்த நேரம், எந்தப் பக்கத்தால் கூட்டிக்கொண்டு வருவது, உங்களை எங்கே நிற்கவைப்பது என்று அரை மணித்தியாலம் கதைத்தோம். சிரித்தது உண்மைதான். நீங்கள் அவரைக் கண்டதும் மயங்கி விழுந்தால் என்ன முதலுதவி செய்வது என்று கேட்டார், அதற்குத்தான் சிரித்தோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மே எட்டாம் தேதி, பதின்மூன்றாவது நாள், ஏழாவது மடக்கோடு நூற்றி எண்பத்தேழும் முடிந்துவிட்டது. இன்னும் எட்டு மடக்கு இருந்தது. "கோல் முடிஞ்சுது" என்றார். "அப்ப விழாத ஒண்டைச் சொல்லுங்கோ, மடக்கவேணும்" என்றேன். பிறகு 2001 மே மாதத்துக் கோலைச் சொன்னார். உங்கள் ரீவிக் கடைக் கோல்.

அந்தப் பந்தை அடித்தது அவர் இல்லையாம். சில்வியோ என்று கூட விளையாடியவராம், அறைச் சிநேகிதனாம். அந்த வருடம் பேப்பர் எல்லாம் சில்வியோ, சில்வியோ. அவர் தூரத்தில் இருந்து அடித்த பந்து கோல் கீப்பரைத் தாண்டித் தானாக வலைக்குள் போய்க்கொண்டிருந்ததாம். பலாந்தி கோல் வாசலில், எல்லாருக்கும் முன்னால், ஓஃப்சைட் இடத்தில் நின்றாராம். தொடாமல் நின்றால் கோல். ஊர் தப்பும். ஆனால் சில்வியோவின் கோல். "ஐ குட் நொட் பெயார் இட்" என்றார். காலை நீட்டினார். தொட்டார். கொடி மேலே போனது. லைன்ஸ்மன் சொன்னது சரியாம், பகீரதன். அவனுடைய அம்மாவை விட்டுவிடுங்கள்.

சில்வியோவுக்கு இன்றுவரை ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் கார்ட் போடுகிறாராம். பதில் வருவதில்லையாம்.

இதை உங்களுக்கு எப்படி எழுதுவது, உங்கள் மனம் உடையுமே என்று மூன்று நாள் யோசித்தேன். இப்போது எனக்கு யோசனை இல்லை. பந்து தானாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் காலை நீட்டினீர்கள்.

பதில் எழுதவேண்டாம்.

கமலினி

* * *

சன்ஷைன்
25.05.2025

அன்பின் கமலினிக்கு,

எழுதவேண்டாம் என்றீர். வேண்டாம் என்றதைச் செய்வதுதான் என் பழக்கம், இதுவே கடைசியாக இருக்கட்டும்.

உம்முடைய மனேஜருக்கு ஃபோன் எடுத்தேன், பிறகு எழுத்திலும் அனுப்பினேன். என் மனைவிமேல் ஒரு பிழையும் இல்லை, நான் பொறாமையில் சொன்னது என்று எழுதினேன். 'பொறாமை' என்ற சொல்லை இங்கிலீஷில் அடிக்கும்போது வெட்கமாக இருந்தது. எச்சரிக்கையைத் திரும்ப எடுக்கமாட்டார்களாம். கடிதத்தைக் கோப்பில் வைப்பார்களாம். நான் செய்தது அவ்வளவு இலகுவாக அழியாது என்று விளங்குகிறது.

இருபத்துநாலு வருடம் அந்த லைன்ஸ்மனைத் திட்டினேன். உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு ஒளிப்பதிவை மறுபடி போட்டுப் பார்த்தேன். கால் நீளுகிறது, கமலினி. வடிவாகத் தெரிகிறது. நூறு தடவை பார்த்த எனக்கு அது தெரியவில்லை. நான் பலாந்தியை மட்டும் பார்த்தேன், பந்து எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

இனி நான் மறைத்த விஷயங்கள். என் முழங்கால் நன்றாக இல்லை. ஏப்ரலில் தண்டவாளத்துக் கல்லில் கால் வைத்தபோது அப்படியே இறுகிவிட்டது. இரண்டு பெடியள் தூக்கிக்கொண்டுபோய் வாகனத்தில் வைத்தார்கள். படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்குகிறேன். ஒரு டொக்டரிடமும் போகவில்லை. போனால் நீர் டிசம்பரில் சொன்னது சரி என்று ஆகிவிடும் என்ற பயம்தான்.

அந்த இறுதியாட்டத்துக்கு முதலே கால் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இறங்கினேன். ஏன் என்று நீர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதினேழு வருடத்தில் நீர் மைதானத்துக்கு வந்த முதல் நாள் அது. மிரு இழுத்துக்கொண்டு வந்தாள். நீலக் குடை பிடித்துக்கொண்டு சிவனேஸ்வரி அன்ரியின் வடைக் கடைக்குப் பக்கத்தில் நின்றீர். உம் கண்ணுக்கு முன்னால் ஒரு கோல் அடிக்கவேண்டும் என்று ஒரு ஆசை, அவ்வளவுதான். கப் எனக்குப் பெரிய விஷயமே இல்லை. நீர் "வெளியில வாங்கோ" என்று கத்தியபோது எல்லாரும் நான் அவமானத்தில் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்தார்கள். அவமானம் இல்லை. இனிமேல் நீர் வரமாட்டீர், நான் அடிக்கவும் மாட்டேன் என்று விளங்கிவிட்டது.

பலாந்தியைச் சந்திக்கும் பாக்கியத்தை நானே என் காலால் கெடுத்துக்கொண்டேன். அதற்கு அழவில்லை. உம்முடைய பதினாறு வருடப் பெயரில் ஒரு கறை விழச் செய்தேன், அதற்குத்தான் அழுதேன்.

மிருவின் அளவு எனக்குத் தெரியாது. ஐந்து என்று எழுதியது சும்மா.

பகீரதன்

* * *

செவன் ஹில்ஸ்
01.06.2025

என்னப்பா,

உங்கள் கடிதத்தை கிளினிக் கார் பார்க்கில் வைத்து வாசித்தேன். அதன்பிறகு இரண்டாவது நோயாளிக்கு இடது முழங்காலுக்குப் பதிலாக வலது முழங்காலில் ஐஸ் வைத்துவிட்டேன். அவர் நல்ல மனிதர், பேசாமல் இருந்தார்.

எனக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை. கொஞ்சம் வைத்திருப்பேன். எச்சரிக்கைக் கடிதம் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது, திறக்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்வேன், நல்லபடியாக இல்லை.

பலாந்தி எட்டாம் தேதி வரமாட்டார். சேர்ட்டும் வராது. கிளினிக் நடைபாதையில் ஒருதரம் கண்டேன், பேசக்கூடாது, அவர்தான் நின்றார். நீங்கள் மனேஜருக்கு ஃபோன் எடுத்ததை அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். "ஐ நோ திஸ் மேன்" என்று மட்டும் சொன்னார். இப்போது பொல்லு இல்லாமல் நடக்கிறார். இரண்டு சொக்ஸும் கீழேதான் இருந்தது.

சனிக்கிழமை ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு உங்களுக்கு நேரம் போட்டிருக்கிறேன். கிளினிக்கில் இல்லை, வீட்டில். டொக்டருக்கும் ஸ்கேனுக்கும் செவ்வாய்க்கு எழுதி வாங்கியிருக்கிறேன், ஆகவே செவ்வாய்வரைக்கும் லீவு போட்டுக்கொண்டு வாருங்கள். கார் ஓடவேண்டாம், அந்தக் காலோடு அவ்வளவு தூரம் ஓடினால் நானே வந்து அடிப்பேன். ப்ளேனில் வாருங்கள். மிருவும் நானும் வந்து ஏற்றுகிறோம். அவளுக்கு பூட்ஸ் அளவு ஏழு, வரும்போது வாங்கிக்கொண்டு வாருங்கள். முன்னுக்குத்தான் விளையாடுகிறாளாம், உங்களைப் போல.

முதல் நாள் பதினைந்து மடக்கு இல்லை, உங்கள் காலுக்கு ஐந்து போதும். சட்டம் அதேதான், மடக்குக்கு ஒரு கோல். உங்கட கோல். நான் குசினிக்குள் இருந்து கேட்கமாட்டேன், பக்கத்தில் இருப்பேன். கால் என் கையில்தான் இருக்கும்.

ஐம்பத்திரண்டு இருக்கிறது என்றீர்கள். அவசரமில்லை. முதல் மடக்குக்கு மட்டும் நான் கேட்பதைச் சொல்லவேண்டும். நான் நீலக் குடையோடு நின்ற அன்றைக்கு, உங்களை வெளியே கூப்பிடாமல் விட்டிருந்தால், அந்தக் கோலை எப்படி அடித்திருப்பீர்கள்?

கமலினி